மக்கள் வழக்குக்கு வக்கீல் யார்?



அரசியல் மேடையில் பேசுவோர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பொருள்கள் சில உண்டு. விலைவாசி பற்றிப் பேசலாம். மொழியுரிமை பற்றிப் பேசலாம். மாநில உரிமை பற்றிப் பேசலாம். பேசுவோருக்கும் உணர்ச்சி பிறக்கும். கேட்போருக்கும் கிளர்ச்சி பிறக்கும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய பொருளன்று. அரசும் நகராட்சியும் வாரியமும் கூட்டுறவு நிறுவனமும் தங்கள் வழக்குகளை நடத்த வெளியிலிருந்து வழக்கறிஞர்களை அமர்த்துகின்றனவே, எந்த முறைப்படி அமர்த்துகின்றன, எந்த முறைப்படி அமர்த்த வேண்டும் என்பதே என் பொருள். ‘இதென்ன, வக்கீல்கள் சங்கத்திலே பேச வேண்டியதை வயலிலே உழைப்பவரிடம் வந்து பேசுகிறாரே’ என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் தோழர்களே, தமிழகத்திலே இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உரிமை மிகுந்த ஊர்கள் உண்டென்றால், அவை கூடலூரும் கம்பமும் உத்தமபாளையமும் சின்னமனூரும் தேனியுந்தான். ஏனெனில் இந்தப் பள்ளத்தாக்கின் பயிர் மழையால் மட்டும் விளைவதன்று, வழக்காலும் விளைகிறது!

தாளிலே ஓடும் தண்ணீர்

1886 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் தரப்புக்கும் இந்திய மந்திரியின் தரப்புக்கும் இடையே ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. காலம் 999 ஆண்டுகள்; குத்தகை நிலம் 8,000 ஏக்கர்; ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அந்தத் தாளின் பலத்தில்தான் பென்னி குயிக் அணையை எழுப்பினார். 1895 இல் மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறதென்றால், அதற்கு அணையின் கல்லும் சுண்ணாம்பும் காரணம். அந்தப் பத்திரத்தின் சொற்களும் காரணம்.

சொற்கள் என்றேன். அவற்றின் வலிமையைப் பாருங்கள். அணையிலிருந்து இறங்கி வரும் நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. குத்தகைப் பத்திரம் பாசனத்துக்கு மட்டுந்தான் உரிமை தருகிறது என்றது திருவிதாங்கூர். அப்படியன்று என்றது சென்னை. நடுவர்கள் இருவருக்குள்ளும் ஒற்றுமை ஏற்படவில்லை. இறுதி நடுவராக அமர்ந்த நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, 1941 இல் திருவிதாங்கூருக்குச் சாதகமாக முடிவு கூறினார். ஒரு பத்திரத்துக்குப் பொருள் சொன்னதிலே ஒரு தரப்பு வென்றது, மறு தரப்பு தோற்றது. மின் உற்பத்தி உரிமை துணை ஒப்பந்தத்திலே முறையாக எழுதப்படுவதற்கு 1970 ஆம் ஆண்டு மே 29 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நில வாடகையும் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது.

பிறகு வந்தது 1979. அணையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 152 அடியாக இருந்த நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மதகைக் கட்டுப்படுத்தியது பொறியாளர். ஆனால் அதை மீண்டும் உயர்த்த வேண்டியிருந்தது நீதிமன்றம்! 2006 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளம் ஒரு திருத்தச் சட்டம் இயற்றித் தீர்ப்பைத் தடுத்தது. தமிழகம் மீண்டும் வழக்குத் தொடுத்தது. நீதிபதி ஆனந்த் தலைமையிலே குழு அமைந்தது, அணை ஆராயப்பட்டது, அறிக்கை வந்தது. அதற்கிடையே 2011 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கே கொதித்தெழுந்து குமுளியை நோக்கி நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2014 ஆம் ஆண்டு மே 7 அன்று, ஐவர் அடங்கிய அரசியல் சட்ட ஆயம், கேரளத்தின் சட்டம் செல்லாது, குத்தகை செல்லும், 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்புரைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. 1979 இல் இறங்கிய மட்டம் அங்கே ஏறி நிற்பதற்கு 35 ஆண்டுகள்!

அந்த வழக்கிலே நின்றவர்கள் யார்? தமிழகத்துக்காக வாதாடியவர்களில் மூத்த வழக்கறிஞர் வினோத் பாப்டே ஒருவர். கேரளத்துக்காக வாதாடியவர்களில் மூத்த வழக்கறிஞர் ஹரீஷ் சால்வே ஒருவர். இருவரும் அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் அல்லர். இந்த வழக்குக்கென அமர்த்தப்பட்ட தனி வழக்கறிஞர்கள். ஆக, ‘அரசுக்குத்தான் அரசு வழக்கறிஞர் இருக்கிறாரே, வெளியாருக்கு ஏன் பணம்?’ என்று எடுத்த எடுப்பிலே கேட்பவரோடு நான் உடன்படவில்லை. அரசியல் சட்டத்தின் 131 ஆவது பிரிவின்படி ஒரு மாநிலம் மற்றொரு மாநிலத்தின்மீது உச்சநீதிமன்றத்திலே வழக்குத் தொடுக்கும்போது, எதிர்த்தரப்பு தலைசிறந்தவரை நிறுத்தினால், நாமும் தலைசிறந்தவரை நிறுத்தத்தான் வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடம் அதுவன்று.

அமர்த்தலாம் என்பது சரி. எப்படி அமர்த்துவது? அதுதான் கேள்வி.

பதவியா, பரிசா?

அரசின் சட்ட அலுவலர்களிலே பலபடி உண்டு. மாநிலத்துக்கு அட்வகேட் ஜெனரல். அவரை அரசியல் சட்டத்தின் 165 ஆவது பிரிவின்கீழ் ஆளுநர் நியமிக்கிறார். உயர்நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி அவருக்கு இருக்க வேண்டும். அரசு மாறினால் அவரும் மாறுவது வழக்கம். அமைச்சரவைக்கு ஆலோசனை கூறும் இடமாகையால் அதிலே குறைகாண ஏதுமில்லை. ஆனால் அதற்குக் கீழே பாருங்கள். உயர்நீதிமன்றத்திலும், 2004 ஜூலையிலே தொடங்கப்பெற்ற மதுரைக் கிளையிலும் அரசு வழக்கறிஞர்கள். மாவட்ட நீதிமன்றத்திலே அரசு வழக்கறிஞர், குற்ற வழக்குகளுக்கு அரசுக் குற்றத்துறை வழக்கறிஞர். அதற்கும் கீழே நகராட்சிக்கு ஒருவர், மின்வாரியத்துக்கு ஒருவர், கோயில் நிலத்துக்கு ஒருவர். இவர்களிலே பெரும்பாலோர் தனித் தொழில் புரிபவர்கள். அரசு அல்லது அமைப்பு தன் வழக்குக்கென அவர்களை அமர்த்திக்கொள்கிறது.

இந்த இடங்களெல்லாம் யாருக்குக் கிடைக்கின்றன? நாடு முழுவதும் எழுந்த கேள்வி இது. 1990 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச அரசு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. மாநிலத்தின் மாவட்டங்கள் அனைத்திலும் இருந்த அரசு வழக்கறிஞர்கள் எல்லோரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அதன் சாரம். ஒருவர் நல்லவரா, திறமையுள்ளவரா, தவறு செய்தவரா என்று பார்க்கவில்லை, ஒட்டுமொத்தமாகத் துடைத்தெறிந்தார்கள். ஸ்ரீலேகா வித்யார்த்தி என்பவர் பெயரால் அறியப்படும் வழக்கிலே உச்சநீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அரசு வழக்கறிஞர் பதவியிலே பொதுநலம் கலந்திருக்கிறது. ஆகவே அரசு தன் விருப்பம்போல் ஆட முடியாது, சமத்துவம் கூறும் 14 ஆவது பிரிவுக்கு அது கட்டுப்பட்டது என்றது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்துச் சட்ட அலுவலர்கள் தொடுத்த மற்றொரு வழக்கிலே அதே நீதிமன்றம் நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. அரசு பொதுப்பணத்துக்கு அறங்காவலர். அதனால் திறமையுள்ளவரைத் தேடி அமர்த்த அது கடமைப்பட்டது. முறையின்றிப் பின்வாசல் வழியே வந்தவர் அதே வாசல் வழியே அனுப்பப்படும்போது முறை பேச முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படியுங்கள், தோழர்களே. வரும்போது முறை இருந்தால்தான் போகும்போது பாதுகாப்பு இருக்கும்!

2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பஞ்சாப், அரியானா மாநிலங்களைப் பற்றிய வழக்கிலே, உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. சட்ட அலுவலர்களை அமர்த்துமுன் எத்தனை பேர் தேவை என்று கணக்கிட வேண்டும்; தேர்வுக் குழு வேண்டும்; தகுதி பார்க்க வேண்டும்; நீதித்துறையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. அரியானாவிலே வேலையே இல்லாமல் ஊதியம் பெற்ற சட்ட அலுவலர்கள் இருந்ததைத் தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டியிருந்தது. வழக்குக்கு வக்கீல் என்பது போய், வக்கீலுக்கு வழக்குத் தேடும் நிலை! அந்தத் தீர்ப்புக்குப் பின், தமிழக அரசும் 2017 இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் சட்ட அலுவலர் நியமன விதிகளை வகுத்தது. நல்லது. ஆனால் விதி எழுதுவது பாதி வேலை. அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதி யாருடைய வேலை? நம்முடைய வேலை.

இங்கே தோழர்களிடம் வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், வெற்றி விழா முடிந்த மறுநாளே வழக்கறிஞர் பதவிகளுக்குப் பட்டியல் தயாராகிறது. ‘அவர் நமக்காகச் சிறை சென்றவர்’, ‘இவர் தேர்தலிலே பணமும் உழைப்பும் தந்தவர்’ என்று பரிந்துரைகள் பறக்கின்றன. சிறை சென்றவருக்கு மாலை சூட்டுவோம். உழைத்தவருக்குக் கட்சிப் பொறுப்பு தருவோம். ஆனால் ஓர் உழவனின் நிலம், ஓர் ஊரின் தண்ணீர், ஓர் அனாதைப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை, இவற்றின் வழக்கை நன்றிக்கடனாக ஒருவர் கையிலே கொடுக்கலாமா? நம் வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால், ‘மருத்துவம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நம் கட்சிக்காரர்’ என்று ஒருவரிடம் ஊசி போட்டுக்கொள்வோமா? நம் கட்சியிலே திறமையான வழக்கறிஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் விதியின் வாசல் வழியே வந்தால், அவர்களுக்கும் பெருமை, நமக்கும் பெருமை. பரிந்துரைக் கடிதத்தின் வழியே வந்தால், அவர் வென்ற வழக்கையும் ஊர் நம்பாது.

‘குழு வைத்தால் பெரிய இடத்துப் பிள்ளைகளே தேர்வாவார்களே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தகுதி என்ற சொல்லைத் தடுப்புச் சுவராகப் பயன்படுத்திய வரலாறு நமக்குத் தெரியாததன்று. ஆகவே விதி மூடிய அறையிலே இருக்கக்கூடாது. விளம்பரம் வேண்டும், விண்ணப்பிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வேண்டும், பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கும் பட்டியலிலே உரிய இடம் வேண்டும். போடியின் மலையடிவாரத்திலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வந்த ஒரு பெண், எவருடைய வாசலிலும் காத்து நிற்காமல் விண்ணப்பம் போடக்கூடிய நாள்தான் விதி வந்த நாள். பரிந்துரை முறை பெரியவர் வீட்டுக்கே துணை. திறந்த முறைதான் எளியவருக்குத் துணை.

யார் அமர்த்துவது?

திறமை மட்டும் இருந்தால் போதாது. அமர்த்துபவருக்கு அதிகாரமும் இருக்க வேண்டும். தமிழகமே கூர்ந்து கவனித்த சொத்துக் குவிப்பு வழக்கை நினைவுகூருங்கள். வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு நடந்தபோது அரசுத் தரப்பிலே நின்ற வழக்கறிஞரை நியமித்தது தமிழக அரசு. அந்த நியமனம் சட்டப்படி செல்லாது, அதற்குரிய அதிகாரம் கர்நாடக அரசுக்கே உண்டு என்று 2015 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறியது. கட்சிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு நியமன உத்தரவிலே யார் கையெழுத்திட்டார் என்ற சிறிய செய்தி, நாட்டின் பெரிய வழக்கையே ஆட்டிவைத்தது. மாவட்டங்களிலே குற்றத்துறை வழக்கறிஞரைப் பொறுத்தவரை சட்டம் இதைச் சொல்லியே இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து பட்டியல் தயாரிக்க வேண்டும். குறைந்தது 7 ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு இதைக் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. நகராட்சிக்கும் வாரியத்துக்கும் இதே ஒழுங்கு ஏன் வேண்டாம்?

கூலி எவ்வளவு, எப்படி?

அடுத்தது பணம். வழக்கு வென்றால் இத்தனை பங்கு எனக்கு என்று பேசி வழக்கை எடுப்பது நம் நாட்டிலே வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்டது. இந்திய பார் கவுன்சிலின் விதி அது. அமெரிக்காவிலே அந்தத் தடை இல்லை. அதனால் என்ன நேர்ந்தது? புகையிலையால் நோயுற்றோருக்கு மருத்துவச் செலவு செய்த மாநிலங்கள், புகையிலைக் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தன. வெற்றி பெற்றால் பங்கு என்ற ஒப்பந்தத்தில் தனி வழக்கறிஞர்களை அமர்த்தின. டெக்சாஸ் மாநிலம் 1998 இல் 1,500 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதன் வழக்கறிஞர்களுக்கு நடுவர் குழு வகுத்த ஊதியம் 330 கோடி டாலர்! பணத்தைக் கம்பெனிகள் கொடுத்தன என்றாலும், மக்கள் கேட்டார்கள்: இவர்களைத் தேர்ந்தெடுத்தது யார், எந்த முறையிலே என்று. கதை அத்துடன் முடியவில்லை. அந்த வழக்கறிஞர் பணத்திலே நண்பர் ஒருவருக்கும் பங்கு கிடைக்க முறைகேடு செய்ததன் தொடர்பாக, மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்த டான் மொராலெஸ் 2003 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2007 மே மாதத்தில் ஜனாதிபதி புஷ், மத்திய அரசின் துறைகள் இத்தகைய பங்கு ஒப்பந்தம் செய்யலாகாது என்று உத்தரவிட்டார்.

நமக்கு அந்தப் பங்குத் தொல்லை இல்லை. ஆனால் வேறு தொல்லை உண்டு. ஒருமுறை எழுந்து நின்று ‘அவகாசம் வேண்டும்’ என்று சொன்னால் ஒரு வாய்தாவுக்கு ஒரு கட்டணம் என்று கணக்கிட்டால், வழக்கு முடிவதிலே யாருக்கு அக்கறை இருக்கும்? வாய்தா வளர்ந்தால் வரிப்பணம் தேயும். மாறாக, மிகக் குறைந்த கட்டணம் கேட்பவருக்கே வழக்கு என்றாலும் கேடுதான். தார்ச்சாலை போடுவதற்கு ஒப்பந்தப்புள்ளி கேட்பதுபோல் வழக்குக்கு வக்கீல் கேட்க முடியாது. ஆகவே நியாயமான கட்டணம். வழக்கின் கட்டத்துக்கு ஏற்ற கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோருக்கும் தெரிந்த கட்டணம். 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்டால் கொடு என்பதோடு நிற்கவில்லை. கேட்காமலே வெளியிட வேண்டியவை எவை என்றும் அதன் 4 ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கறிஞருக்குச் செலவிட்ட பணத்தை நகராட்சியின் அறிவிப்புப் பலகையிலே எழுதிப்போட என்ன தயக்கம்?

முடிவு யாருடையது?

தோழர்களே, வழக்கறிஞர் வாதத்துக்கு உரியவர். முடிவுக்கு உரியது அரசு. இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. பொட்டிபுரத்து மலையிலே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அதற்கு நிலம் ஒதுக்கியது தமிழக அரசு. 2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் நலன் கருதி அங்கே அத்திட்டத்தை ஏற்க இயலாது என்று உச்சநீதிமன்றத்திலே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ததும் தமிழக அரசு. கொள்கை மாறியது, மாற்றியது மக்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அரசு. அந்தப் பத்திரத்தை எழுதிய வழக்கறிஞர் யாராயிருப்பினும், கொள்கையை அவர் தீர்மானிக்கவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும். அமர்த்தப்பட்டவர் தன் விருப்பம்போல் நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்துவிட்டு வந்து, ‘பேசிவிட்டேன், இனி என்ன செய்வது’ என்று கூறும் நிலை வரக்கூடாது.

மறுபுறமும் உண்டு. அரசு எதைச் சொன்னாலும் வாதாடுவதற்கு அவர் கூலிப்படையும் அல்லர். காவிரி வழக்கிலே கர்நாடகத்துக்காகப் பல்லாண்டு வாதாடியவர் பாலி நாரிமன். 2016 செப்டம்பரில், தண்ணீர் விடுமாறு உச்சநீதிமன்றம் இட்ட ஆணையைக் கர்நாடகம் நிறைவேற்றாதபோது, அந்த நிலையிலே மாநிலத்துக்காக மேலும் வாதாட இயலாது என்று அவர் நீதிமன்றத்திலேயே கூறினார். நமக்கு எதிர்த்தரப்பிலே நின்றவர் அவர். எனினும் அந்தச் செயலை மதிக்காமல் இருக்க முடியுமா? அரசின் வழக்கறிஞர் அரசுக்கும் உரியவர், நீதிக்கும் உரியவர். உயர்த்தப்பட்ட நட்டஈட்டுக்காக நீதிமன்றம் ஏறிய சின்னமனூர் விவசாயியை எப்படியாவது தோற்கடிப்பது அவர் கடமையன்று. நியாயம் விவசாயி பக்கம் இருந்தால், ‘கொடுத்துவிடுங்கள்’ என்று அரசுக்கு ஆலோசனை சொல்வதே அவர் கடமை.

சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. அரசின்மீது வழக்குப் போடுமுன் இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80 ஆவது பிரிவு கூறுகிறது. ஏன்? அந்த இரண்டு மாதத்திலே அரசு எண்ணிப் பார்த்து, நியாயமானதை ஏற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. நடப்பதென்ன? சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கிலே 2005 ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமே வருந்திச் சொன்னது, பெரும்பாலான அறிவிப்புகளுக்குப் பதிலே வருவதில்லை என்று. பதில் எழுத ஓர் அலுவலரை நியமியுங்கள் என்றும் ஆணையிட்டது. ஓர் அஞ்சலட்டையிலே முடியவேண்டிய விவகாரம் உத்தமபாளையத்திலே தொடங்கி, மதுரைக் கிளை சென்று, டெல்லி வரை போகிறது. போகும் வழியெல்லாம் வக்கீல் கட்டணம்!

கேட்க வேண்டியவை

ஆகவே ஐந்து கோரிக்கைகளை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எழுப்புவோம்.

முதலாவது, உயர்நீதிமன்றத்துக்கு உள்ளதுபோல், மாவட்டத்துக்கும் நகராட்சிக்கும் வாரியத்துக்கும் கூட்டுறவு நிறுவனத்துக்கும் வழக்கறிஞர் நியமன விதி வேண்டும். விளம்பரமும் தேர்வுக் குழுவும் குறிப்பிட்ட பதவிக் காலமும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அரசு வழக்கறிஞர் இருக்கும்போது வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினால், எந்தத் தேவைக்காக என்பதைக் கோப்பிலே எழுதி வைக்க வேண்டும். முல்லைப் பெரியாற்றுக்கு அந்தக் காரணத்தை ஒரே வரியிலே எழுதிவிடலாம். எழுதுவதற்குக் காரணம் கிடைக்காத இடத்திலேதான் நமக்கு ஐயம்.

மூன்றாவது, கட்டணத்தை வெளியிட வேண்டும். வழக்கின் பெயர், வழக்கறிஞரின் பெயர், கொடுத்த தொகை, வழக்கு நிற்கும் நிலை ஆகிய நான்கும் மக்கள் கண்ணிலே படவேண்டும்.

நான்காவது, எதிர்த்தரப்பிடம் முன்பு ஆலோசனைக் கட்டணம் பெற்றவரா, அந்த நிலத்திலோ நிறுவனத்திலோ பங்குடையவரா என்பதை வழக்கறிஞர் எழுத்திலே அறிவிக்க வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை கூறியவர் அதே வழக்கிலே மறு தரப்புக்கு நிற்கலாகாது என்பது பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது; அதைச் சோதிப்பார் இல்லை.

ஐந்தாவது, கோப்பு அரசுக்குச் சொந்தம். வழக்கறிஞர் மாறலாம், வழக்கு மாறலாகாது. 1886 இன் பத்திரத்தை 1941 இல் ஒருவர் படித்தார், 2006 இல் ஒருவர் படித்தார், 2014 இல் ஒருவர் படித்தார். அந்தக் குத்தகை 999 ஆண்டுக்கானது, தோழர்களே! இன்னும் எத்தனை தலைமுறை வழக்கறிஞர்கள் அதைப் புரட்டப் போகிறார்களோ! தேக்கடியை அடுத்த ஆனவச்சாலில் கேரளம் அமைத்த வாகன நிறுத்துமிடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா என்ற வழக்கு எழுந்தபோது, எல்லையை அளக்க இந்திய நில அளவைத் துறையையே அழைக்க வேண்டியதாயிற்று. பழைய வரைபடமும் பழைய கடிதமும் எந்த வழக்கறிஞரின் வீட்டு அலமாரியிலும் உறங்கலாகாது. வழக்கறிஞர் விலகும் நாளிலே, தாள் ஒன்று குறையாமல் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். அவற்றைக் கற்றறிந்த பொறியாளரும் அலுவலரும் தொடர்ந்து இருக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் சட்டமன்றத்திலே பேசுவோர் பேசட்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூடலூரிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் பெரியகுளத்திலும் தேனி அல்லிநகரத்திலும் நகர்மன்றங்கள் இருக்கின்றன. நம் உறுப்பினர்களும் அங்கே இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ‘நம் மன்றத்தின்மீது எத்தனை வழக்குகள் நிற்கின்றன? யார் நடத்துகிறார்? எவ்வளவு கொடுத்தோம்? எத்தனை ஆண்டாக நிற்கிறது?’ ஆளுங்கட்சியாக இருக்கும் மன்றத்திலும் கேட்கச் சொல்லுங்கள். எதிர்க்கட்சியாக இருக்கும் மன்றத்திலும் கேட்கச் சொல்லுங்கள். எதிர்க்கட்சி வரிசையிலே இருக்கும்போது மட்டும் கேட்பது கட்சித் தந்திரம். ஆளும் வரிசையிலே அமர்ந்தும் கேட்பதுதான் கொள்கை.

லோயர் கேம்பிலே பென்னி குயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. பொங்கல் நாளிலே மாலை போடுகிறோம். அணை கட்டியவரைப் போற்றும் பண்பு நம்மிடம் இருக்கிறது. அந்த அணையின் உரிமையைக் காக்கும் தாளையும் வாதத்தையும், அதற்காக நாம் அமர்த்துகின்றவரையும் கண்காணிக்கும் பண்பும் வளர வேண்டும். வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டால் இரவென்றும் பாராமல் மண்வெட்டியோடு ஓடுகிறீர்கள். நீதிமன்றத்திலே ஏற்படும் உடைப்பு சத்தமின்றி ஏற்படும். வயல் காய்ந்த பிறகுதான் தெரியும். அதை முன்கூட்டியே அடைக்கும் மண்வெட்டிதான் விதி. அந்த விதியைக் கேளுங்கள், பெறுங்கள், காத்து நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.